ஒரு பல் தள்ளி

மறுபடியும் சாவியைத் திருப்பினான் கோமதிநாயகம். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, இன்ஜின் பிடிக்கவில்லை, கையை எடுத்துவிட்டான், எடுத்த கை சாவிக்குப் பக்கத்திலேயே நின்றது, இன்னொரு தடவை பார்க்கலாமா, வேண்டாம், இனிமேல் ஒரு தடவைகூட வேண்டாம், ஏனென்றால் நேற்றுத்தான் இந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறான், மாற்றியதில் பிசகு இருந்தால் சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே நாசம்தான். மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டும், கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிற தண்டும் ஒன்றுக்கொன்று தப்பாமல் சுற்றவேண்டும், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் வார்தான். ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி எடுக்காது, எடுத்தாலும் இருமும். கூடுதலாகத் தள்ளிவிட்டால் மூட வேண்டிய நேரத்தில் மூடாத வால்வை ஏறி வருகிற பிஸ்டன் முட்டி வளைத்துவிடும். இதையெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்களிடம் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான், சொல்லும்போது அது அவர்கள் வண்டியைப் பற்றிய பேச்சாக இருந்தது, இப்போது பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு கைக்குட்டை, அதை மடிக்கிறார், விரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், வலது கையில் மாவுக்கட்டு, காலடியில் ஒரு பை, அந்தப் பையில் அண்ணனுடைய வேட்டி, சட்டை, மாத்திரை, அவர் விரும்பித் தின்கிற ஓலைப்பக்கோடா. பொழுதடைவதற்குள் மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கப்புறம் புதிதாக யாரையும் சேர்க்கமாட்டார்கள் என்று போனில் பேசிய பெண் இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள்.

பானட்டைத் திறந்துவிட்டுக் குனிந்தபோது வெயில் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. பெல்ட்டை மாட்டிவிட்டு இன்ஜினைக் கையால் முழுசாகச் சுற்றிப் பார்த்தேனா என்று யோசித்தான். எப்போதும் சுற்றிப் பார்ப்பான். குறிகள் நேராக வருகின்றனவா, எங்கேயாவது இடிக்கிறதா என்று கையால் உணர்ந்து பார்க்காமல் மூடியைப் போட்டதே கிடையாது. நேற்றும் சுற்றியிருப்பான். சுற்றியிருப்பான் என்பது வேறு, சுற்றினான் என்பது வேறு. பழைய பெல்ட்டைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது, அதன் உள்பக்கம் வெடித்துக் கிடந்ததைக் கண்டு நல்லவேளை என்று சொன்னது இருக்கிறது, புது பெல்ட்டின் ரப்பர் வாசனை இருக்கிறது, இறுக்குகிற உருளையின் போல்ட்டில் ஸ்பானரை வைத்தது இருக்கிறது, அதற்கப்புறம் கை கழுவியதுதான். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் அண்ணன் இருந்தார். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "எங்க போறோம்?" என்று கேட்டார், "மதுரைக்குண்ணே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க போறோம்?" என்றார், "ஒரு சவாரிண்ணே" என்றான். மறுபடி கேட்டார், "திருச்செந்தூருக்கு" என்றான், "குத்தாலத்துக்கு" என்றான், எந்த ஊரைச் சொன்னாலும் அவர் தலையாட்டினார், எல்லா ஊரும் அவருக்குச் சம்மதமாக இருந்தது. அந்தப் பதில்களில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கை என்ன செய்தது? கைக்குத் தெரியும், வாய் பேசினாலும் கை தன் வேலையைச் செய்யும், எத்தனை வருஷத்துக் கை. ஆனால் அண்ணனுக்கும் கைதானே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஜங்ஷன் டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டிய கை, ஒருநாள் தென்காசிக் கல்யாணத்துக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு நேரே வேறு ரோட்டில் இருக்கிற கயத்தாறில் போய் நின்றது. "ரோட்டை மாத்திப் போட்டுட்டானுவ" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகமாகச் சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டான்.

டீசலிலிருந்து தொடங்கு. எது கெட்டதென்று தெரியாதபோது சுலபமானதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அண்ணன் ஓட்டுவதை நிறுத்திய பிறகு வண்டி கொட்டகையிலேயே கிடந்தது, குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், ஃபில்டருக்குப் பக்கத்திலிருந்த கைப்பம்பை அழுத்தினான், முதலில் தொளதொளவென்று இருந்தது, அழுத்த அழுத்தக் கல்மாதிரி இறுகியது, டீசல் வருகிறது, காற்று இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் அப்படிச் சுற்றாது. அந்தச் சுற்றுச் சத்தம் ஒரே சீராக இருந்ததா? வால்வு வளைந்திருந்தால் நாலு சிலிண்டரில் ஒன்றுக்குக் கனம் இருக்காது, சுற்று நொண்டும். நொண்டவில்லை என்றுதான் தோன்றியது. தோன்றியது என்பதை எவ்வளவு நம்பலாம். காதுக்குள் அந்தச் சத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான், ஓட்டும் ஒவ்வொரு தடவையும் அது வேறுமாதிரி கேட்டது, கடைசியில் அண்ணனுடைய தொண்டைக் கனைப்பு மாதிரிக் கேட்டது, நிமிர்ந்தால் அண்ணன்தான், எப்போது இறங்கினாரோ, பக்கத்தில் நின்று இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, பழைய நிற்பு. ஏதாவது சொல்லப்போகிறார், அதுல பாரு நாயகம், இதுல பாரு என்று சொல்லப்போகிறார். "யாரு வண்டி?" என்று கேட்டார் அண்ணன். "உங்க வண்டிதாண்ணே." "நான் வண்டி வச்சிருந்தனா?" "வச்சிருந்தீங்க. இப்பமும் உங்களதுதான்." "நல்ல வண்டியா?" என்றார் அண்ணன். "நல்ல வண்டிண்ணே." "அப்பம் சரி தம்பி" என்றார். இந்தத் தம்பிதான் இவனைத் தின்கிறது. முன்னெல்லாம் ஏல என்பார், நாயகம் என்பார். இப்போது தம்பி. தம்பி என்று தெரிந்து சொல்கிற தம்பியா, கடைக்காரனையும் கண்டக்டரையும் சொல்கிற தம்பியா, ஒரே சொல்லை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, நான் யார் என்று கேட்டுவிடலாம், கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் இத்தனை மாதமாக அவன் கேட்கவில்லை. தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் மறுபடி சீட்டில் உட்காரவைத்தான். வண்டி யாருடையது என்று தெரியாது, ஆனால் இந்த வண்டியில்தான் அடங்கி உட்காருவார். வேறு வண்டியில் ஏற்றினால் கதவை உதைத்துக் கத்துவார், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போன அன்றைக்குப் பார்த்தாயிற்று. அதனால்தான் இந்த வண்டி ஓடியாக வேண்டும். ஓடியாக வேண்டும் என்று மனசுக்குள் அழுத்திச் சொல்லிக்கொண்டான், சொன்னதும் பொய்யாகப் பட்டது.

காப்பகத்துக்குப் போன் செய்தது அவன்தான். மதினி செய்யவில்லை. மதினி எதுவும் சொல்லவில்லை, கை முறிந்த அன்றுகூட, "விடிகாலையில எந்திச்சிருக்காங்க, என்னைய களவாணின்னு நெனச்சிட்டாங்க, அவங்க மேல என்ன தப்பு" என்றுதான் சொன்னாள், சொல்லும்போது டாக்டரையே பார்த்தாள். அண்ணன் தள்ளிய தள்ளில் சமையலறைப் படியில் விழுந்திருக்கிறாள். விழுந்தவள் தலைமாட்டில் நின்று, "ஆரு நீ, எங்க வீட்டுல என்ன சோலி?" என்று கேட்டாராம். அதை மதினி சொல்லவில்லை, சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்குத்தான் இவன் முடிவு செய்தான். முடிவு செய்தேனா, அல்லது எப்போதோ செய்து வைத்திருந்த முடிவுக்கு அன்றைக்குக் காரணம் கிடைத்ததா. "மதினி, ஒரு எடம் இருக்கு, நல்லாப் பாத்துக்கிடுவாங்களாம்" என்றதும் அவள் ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி" என்றாள். சரி என்றாளா, நீங்க சொன்னா என்றாளா. அந்த நாலு வார்த்தை, இல்லை மூன்றுதான், பாரத்தை முழுக்கத் தூக்கி இவன் தலையில் வைத்துவிட்டது, அல்லது அவளுடைய தலையிலிருந்து இறக்கியது, இறக்கிவிட்டதற்காக அவள்மேல் கோபப்படலாமா, படக்கூடாது, கட்டுப் போட்ட கையோடு அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி கதவுக்குக் குறுக்கே படுத்துக் கிடப்பது அவள்தான், இவன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவன்.

புகை பார்க்கவேண்டும். சுற்றும்போது பின்னால் குழாயில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை, அப்படியென்றால் டைமிங்தான் தப்பு. புகையே வராவிட்டால் டீசல் உள்ளே பீச்சவே இல்லை, கோளாறு வேறிடத்தில். புகையைப் பார்க்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும், ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை. "மதினி, கொஞ்சம் வாரேளா?" மதினி வந்தாள். டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்து இவன் பார்த்ததே இல்லை, கல்யாணமான நாளிலிருந்து பின் சீட்டுத்தான், உட்கார்ந்ததும் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்த்து மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "இடது கையாலதான் திருப்பணும், வருமா?" "வரும்." "நான் சொன்ன ஒடனே திருப்புங்க, போதும்னதும் விட்டுருங்க." பின்னால் போய்க் குத்தவைத்தான். திருப்புங்க என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே பிஸ்டன் ஏறி வருகிற இடத்தில் ஒரு வால்வு தொங்கிக்கொண்டிருப்பதாகப் பட்டது, குச்சிமாதிரி, மதினியின் மணிக்கட்டுமாதிரி, திருப்பச் சொல்லி ஒடிக்கப்போவது நான்தான் என்றிருந்தது, "திருப்புங்க" என்றான். சுற்றியது. குழாயின் வாயில் கையை வைத்தான். காற்று வந்தது, வெறும் காற்று. புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை. "போதும் மதினி." அவள் விடவில்லை, சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே இருந்தாள், "போதும், போதும், விடுங்க" என்று ஓடிவந்தான், சாவியை விடுவதென்றால் எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "ஒடைச்சுப்போட்டேனா?" என்று கேட்டாள். "இல்ல மதினி, ஒண்ணும் ஆவல." அவள் இறங்கிப் போகும்போது அண்ணன் இவனிடம், "பாவம், அந்தப் பொம்பளைக்குக் கையில என்ன?" என்றார்.

புகை இல்லை என்றால் டைமிங்கைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, வயர்களைத்தான் பார்க்கவேண்டும். அறிவு அப்படித்தான் சொல்லியது. வேறு யாராவது பட்டறையில் வந்து கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றினான். கண்ணால் பார்க்காமல் முடியாது. நேற்று நடுவில் இல்லாமல் போனது என்ன என்று தெரிந்தாக வேண்டும். முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, தரையில் படுத்து, சந்து வழியாக ஸ்பானர் மாட்டிய நீளக் கம்பியைச் செருகி, கீழ்த் தண்டின் முனைப் புல்லியின் போல்ட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றினான். கம்பியின் கனம் தோள்வரை ஏறியது. எங்கேயாவது டக்கென்று நின்றால் அவ்வளவுதான், இரும்பும் இரும்பும் முட்டுகிற அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும், அதற்காகக் கை காத்துக்கொண்டே சுற்றியது. வயிற்றுக்கடியில் மண் சுட்டது. அப்பாவும் கடைசிக் காலத்தில் முகம் கழுவிவிட்டு வந்து உட்காருவார், உட்கார்ந்த உடனே எழுந்து முகம் கழுவப் போவார், வயசானா அப்படித்தான் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார்கள், அப்பாவுக்கு அப்போது என்ன வயசு என்று இவன் இதுவரை கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அப்பா, பிறகு அண்ணன். போன மாதம் பட்டறையில் பத்து மணிக்குத் தேடிய ஸ்பானர் மத்தியானம் வரை கிடைக்கவில்லை, கடைசியில் அது சட்டைப் பையில் இருந்தது, அதுவும் மறதிதான், அது எல்லோருக்கும் வருகிற மறதிதான், எல்லோருக்கும் வருகிற மறதி என்றுதான் அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி நிற்கவில்லை. முழுசாகச் சுற்றி வந்தது, இன்னொரு முறையும் வந்தது. எழுந்து பார்த்தான். மேலே குறிக்கு நேராகக் குறி நின்றது. கீழேயும் அப்படியே. ஒரு பல்கூடத் தள்ளவில்லை. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தான், நேராகத்தான் இருந்தது. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கீழ்ப் புல்லிக்குப் பக்கத்தில் இருக்கிற சென்சாரின் பிளக். இன்ஜின் சுற்றுகிறது என்று வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான், அது சொல்லாவிட்டால் டீசல் பீச்சாது. பெல்ட் மாற்றும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று கழற்றி ஓரமாகப் போடுகிறதுதான், முடித்ததும் மாட்ட வேண்டும். மாட்டாமல் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் அதைக் கையில் எடுத்தான். இதை மாட்டினேனே. மாட்டிய ஞாபகம் நன்றாக இருக்கிறதே, கட்டைவிரலால் அழுத்தியது, டிக்கென்று உட்கார்ந்த சத்தம், உட்கார்ந்துவிட்டதா என்று லேசாக இழுத்துப் பார்த்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நடக்காத காரியத்துக்கு இவ்வளவு ஞாபகம். இன்ஜினைச் சுற்றிப் பார்த்ததற்கு ஞாபகம் இல்லை, அது சரியாக இருக்கிறது, பிளக்கை மாட்டியதற்கு ஞாபகம் இருக்கிறது, அது தொங்குகிறது. அண்ணனுக்கும் கயத்தாறு ரோடு இப்படித்தான் தென்காசி ரோடாக, தெளிவாக, வளைவு வளைவாகத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால், இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மறக்கவில்லை, மாட்டாமல் விட்டிருக்கிறேன். குத்தாலம் என்று சொல்லும்போது தலையாட்டினாரே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே விரல் இதை விட்டுவிட்டிருக்கிறது, எனக்குச் சொல்லாமல். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. மறந்தவன் என்றால் அடுத்தது நான். விட்டவன் என்றால், போன் செய்தவன் யார்? இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான், இரண்டும் வழுக்கியது.

"என்னவாம்?" மதினி டீ கொண்டுவந்திருந்தாள், இடது கையில் தம்ளர் ததும்பியது. பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான், ஏன் மூடினான் என்று தெரியவில்லை. "பாக்கேன் மதினி." "அவங்க ஒறங்கிட்டாங்க." பார்த்தான், அண்ணன் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் சற்றுத் திறந்திருந்தது. மதினி பையைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், "ஆவலைன்னா இன்னொரு நாள் போவோமா? பையை உள்ள வச்சிரட்டா?" என்றாள். குரலில் எதுவும் இல்லை. அவன் அவள் முகத்தில் தேடினான். போகவேண்டாம் என்று இருக்கிறதா, இன்றைக்கே முடிந்துவிட்டால் நிம்மதி என்று இருக்கிறதா, இரண்டும் இருந்தது, அல்லது தூக்கம் இல்லாத கண் அப்படித்தான் இருக்கும். ஒரு சொல் போதும். பார்ட்ஸ் வரணும் மதினி, அடுத்த வாரம் பாப்போம். யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வரை அவர் இங்கேயே இருப்பார். அடுத்த வாரம் வரை அவள் கதவுக்குக் குறுக்கே படுத்திருப்பாள். நான் என் வீட்டில் என் கட்டிலில் படுத்திருப்பேன். அண்ணனை வைத்துக்கொண்டது நான் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். டீயை வாங்கும்போது மாவுக்கட்டுக்கு வெளியே அவள் விரல்கள் தெரிந்தன, வீங்கி, நகமெல்லாம் கறுத்து. "இல்ல மதினி, பை அங்கயே இருக்கட்டும். கொஞ்சம் பொறுங்க." குனிந்து கையை உள்ளே விட்டான், தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, பிளக்கை வைத்து அழுத்தினான். டிக்கென்றது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. நேற்று கேட்டதாக நினைத்த அதே சத்தம், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

மூடியைப் போட்டு, பானட்டைச் சாத்தி, உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். திருப்பியதுமே பிடித்தது. கொஞ்சம் புகை கக்கிவிட்டு, நோய்நொடி இல்லாத வண்டிமாதிரி நின்று ஓடியது. மதினி வீட்டுக் கதவைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு வந்து பின் கதவைத் திறந்தாள். அதிர்வில் அண்ணன் விழித்துக்கொண்டார். கண்ணைக் கசக்கிவிட்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார், பச்சைக் கேட், முருங்கை மரம், மாடிக் கொடியில் காய்கிற அவருடைய வேட்டி, முப்பது வருஷமாகக் குடியிருக்கிற வீடு. முகம் தெளிந்தது. "வந்துட்டமோ?" என்று கேட்டார். மதினி ஏறப்போனவள் அப்படியே நின்றாள். "நல்ல வீடாத் தெரியுத" என்றார் அண்ணன், "மரம்லாம் நிக்கி. இங்க இருந்துக்கிடுதேன் தம்பி, எனக்குப் பிடிச்சிருக்கு." கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேடினார். கோமதிநாயகம் குறுக்கே சாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான், கை சூடாக இருந்தது. "இது இல்லண்ணே" என்றான், "இன்னும் போவணும்." "இது இல்லையா?" "இல்லண்ணே." அண்ணன் சண்டை போடவில்லை. சரி என்று தலையாட்டினார். மதினி ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி தெருவில் திரும்பும்வரை அண்ணன் கழுத்தை ஒடித்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார், "நல்ல வீடு" என்று இன்னொரு தடவை சொன்னார், ரயில்வே கேட் வருவதற்குள் அதையும் மறந்துவிட்டார். எந்நேரமும் மூடியே கிடக்கிற அந்தக் கேட் அன்றைக்குத் திறந்து கிடந்தது.